உறைக்குள் வராத படம்

என்னைச் சிரிக்க வைத்தே கைப்பிடித்த என்னவருக்கு,

நம் பத்மாவுக்கு வேலை கிடைத்துவிட்டது! தம்பானூரில் ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். போன வாரம் உங்கள் குடையை எடுத்துக்கொண்டு முதல்நாள் போனாள். நீங்கள் மேலே போன இந்த இரண்டு வருடத்தில் இப்படியொரு சந்தோஷம் இதுதான் முதல். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

விண்ணப்பத்தில் "ப்ளீஸ் ஃபைண்ட் என்க்ளோஸ்டு" என்று எழுதப் போனவளின் கையைப் பிடித்துவிட்டேன்.

"சர்ட்டிபிக்கேட்ட மொதல்ல கவருக்குள்ள வையி. பொறவு எழுது."

"கஷ்டம்! இதென்ன சட்டம்மா?"

"ஒங்கப்பா சட்டம்" என்றேன்.

நினைவிருக்கிறதா? ஆரியசாலை மொத்தக் கடையில் நாளெல்லாம் கடிதம் அடித்துக்கொண்டிருந்தீர்கள். மாப்பிள்ளையின் படம் கேட்டு அப்பா எழுதியதற்கு, நாலே வரி இங்கிலீஷில் பதில் வந்தது. என் படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன் என்று அதே வரி, பிசகில்லாமல். உறையை உதறினோம், படம் இல்லை. கடையில் நீங்கள் கடிதம் அடிப்பதோடு சரி, உள்ளே வைத்து ஒட்டுவது வேறொருவர் வேலை என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

"மூஞ்சியக் காட்டப் பயப்படுகவன் நமக்கு வேண்டாம் மக்களே" என்றார் அப்பா. எனக்கு அழுகை முட்டியது. முகம் பார்க்காமலே அந்த நாலு வரிக்காரரைப் பிடித்துப்போனதை யாரிடம் சொல்ல? வேண்டாம் என்று அப்பா எழுதிய கார்டைத் தபாலில் போட என்னிடமே கொடுத்தார். அதன் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினேன்: "தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. நேரில் வந்தால் நல்லது."

கார்டு கிடைத்த மாலையே வந்து நின்றீர்களே, மழையில் தொப்பலாக!

"படம் எங்கவே?" என்று உறுமினார் அப்பா.

"மேசமேலேயே இருந்து போச்சு மாமா. ஒட்டுகவருக்கு அன்னைக்கு லீவு."

அதற்குள் மாமாவாம்! அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. கதவுக்குப் பின்னால் என் கதையும் அதுதான். அதற்குப் பிறகு எதையும் உள்ளே வைக்காமல் அந்த வரியை நீங்கள் எழுதியதே இல்லை.

அந்த முதல் கடிதம் அலமாரியில் வெறும் உறையோடு இத்தனை வருடம் கிடந்தது. குடையும் கையுமாகப் பத்மா நிற்கும் படம் இன்றுதான் ஸ்டுடியோவிலிருந்து வந்தது. மூக்கு அப்படியே உங்களுடையது. அன்று மேசைமேல் விட்டுவந்த உங்கள் படத்தில் போலவே அவளுக்கும் பாதிக் கண் மூடியிருக்கிறது.

இனி நம் வீட்டிலிருந்து வெறும் உறை போகாது, சத்தியம். படத்தை அந்த உறைக்குள் வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் எழுதுகிறேன்: ப்ளீஸ் ஃபைண்ட் என்க்ளோஸ்டு.

பத்மாவின் அம்மா,
உங்கள் கோமதி