பதினான்காம் ஸ்லைடு

செப்டம்பர் 18, சனி
மழை இல்லை, வெறும் புழுக்கம். லேபில் இரண்டு தடவை கரண்ட் போனது. சாயம் தீரப்போகிறது, சாரிடம் சொல்ல வேண்டும். வாங்க வேண்டியது: சோப்பு, தலைவலி மாத்திரை.

மொபைல் கதிர்வீச்சு கன்னத்துச் செல்களை என்ன செய்கிறது என்று பார்க்கிற வேலை. போன் பேசுகிறவர்கள் வேண்டிய மட்டும் கிடைத்துவிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, போனையே தொடாதவர்களுக்குத்தான் தஞ்சாவூரில் பஞ்சம். சார்: "ஊர்லேர்ந்து ஆள் கூட்டிட்டு வாங்க. போன் கூடாது, புகையிலை கூடாது." புகையிலையும் செல்லைக் கெடுக்கும்; எது கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும்.

லேபில் கூட இருக்கிற ஃபாத்திமா: "உனக்கென்னடி கலா, கிராமம், வயலு, ஆளுங்க. லாரியே புடிச்சிட்டு வரலாம்."

எங்களுக்கு வயல் இல்லை. அம்மா அடுத்தவர் வயலில் நடவுக்குப் போகிறவள். சேர்ந்த அன்று நான் ஏதோ சொல்ல, ஃபாத்திமா ஏதோ புரிந்துகொண்டாள். இன்றுவரை திருத்தவில்லை.

நாளை ஊருக்கு. தெருவில் கேட்டுப்பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 21, செவ்வாய்
எழுதவே கூசுகிறது.

பதினோரு மணி இருக்கும். லேப் வாசலில் அம்மா. கையில் செருப்பு. கால் விரலிடுக்கில் சேற்றுப்புண்ணுக்குப் போட்ட ஊதா மருந்து. "எவளும் வரமாட்டேங்குறாளுவ, ஊசி போடுவாங்கன்னு பயம். அதான் நானே..." என்று ஆரம்பித்தவள், எனக்குப் பின்னால் சாரும் ஃபாத்திமாவும் வருவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

சார்: "யாரு?"

நான்: "எங்க ஊர்க்காரங்க சார்."

அவ்வளவுதான் சொன்னேன். பொய்யில்லை என்று பஸ் சத்தம் கேட்கிற ஜன்னலோரம் உட்கார்ந்து மதியம் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என்னையே கேள்வி கேட்கச் சொன்னார் சார். கேட்டேன். "உங்களுக்குப் புகையிலை, வெத்தலைப் பழக்கம் உண்டுங்களா?"

அம்மா என்னைப் பார்த்தாள். பல்லை வெள்ளையாகத் தேய்த்துக்கொண்டு வந்திருந்தாள். செங்கல் பொடியாக இருக்கும், ஈறு சிவந்திருந்தது.

"அதெல்லாம் இல்லைங்க மேடம்."

மரக்குச்சியால் கன்னத்தின் உள்பக்கம் சுரண்டி எடுத்தேன். கண்ணாடி ஸ்லைடில் தடவினேன். அம்மாவுக்கு வலித்தது போல, கண்ணை மூடிக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டில், கூட்டத்தில் அம்மா: "சரியாச் சொன்னேனா?"

தலையாட்டினேன். டீ வாங்கித் தரக்கூட இல்லை.

செப்டம்பர் 29, புதன்
ஒரு வாரமாக எண்ணுகிறேன். யாருடைய ஸ்லைடு என்று எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது. ஃபாத்திமா பெயரை மறைத்து எண் மட்டும் ஒட்டிவைத்திருக்கிறாள். கழுத்து வலி. மெஸ்ஸில் மறுபடி கத்தரிக்காய்.

பதினான்காம் ஸ்லைடு. நல்ல செல்லில் ஒரே ஒரு உட்கரு இருக்கும். இதில் செல்லுக்குச் செல் பக்கத்தில் இன்னொரு சிறு பொட்டு, உடைந்து சிதறியது போல. சாரைக் கூப்பிட்டேன். குனிந்தவர் நிமிரவே இல்லை.

"பிரமாதம்! இது நாள் முழுக்கக் காதுல போனோட திரியற ஆளு."

ஃபாத்திமா: "அப்ப எங்க அண்ணன்தான் சார். துபாய்லேர்ந்து வந்த நாளா குளிக்கறப்பக்கூட கீழ வைக்கல."

சிரித்தோம். நானும்.

செப்டம்பர் 30, வியாழன்
இன்று மறைத்த பெயர்களைப் பிரித்தோம். பதினான்கு, ஃபாத்திமாவின் அண்ணன் இல்லை. "போன் இல்லை, புகையிலை இல்லை. கலா ஊர்க்காரம்மா."

சார் பேனாவை வைத்தார். "புகையிலை போடுற பொம்பளைதான் அது. பொய் சொல்லிட்டுப் போயிருக்கு. இந்த சனங்களே இப்படித்தான். அந்த ஸ்லைடைத் தூக்கிடுங்க."

போகும்போது திரும்பி: "ஆனா இவ்வளவு இருந்தா வாயில ஏதாவது இருக்கும். ஒரு டாக்டர்கிட்ட காட்டச் சொல்லும்மா அவங்கள."

சரி சார் என்றேன். "இந்த சனங்க" என்றதற்கும் சேர்த்து.

அக்டோபர் 3, ஞாயிறு
ஊர். லேசான தூறல். போனதும் அம்மாவை வாயைத் திறக்கச் சொன்னேன். மாட்டேன் என்றாள். அதட்டினேன்.

இடது கன்னத்தின் உள்ளே, புகையிலையை ஒதுக்குகிற இடத்தில், வெள்ளையாக ஒரு திட்டு. ஓரம் சிவப்பு.

"சுண்ணாம்பு வெந்தது. ஆறிரும்."

"எத்தனை நாளா?"

"பொங்கலுக்கு முன்னாடி."

அதனால்தான் காரக்குழம்பைத் தொடாமல் மோர் ஊற்றிச் சாப்பிடுகிறாள். மகளுக்கு மிச்சம் வைக்கிறாள் என்று நினைத்து நான் பெருமையாகச் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறேன். பன்னிரண்டு நாள் முன்பு அதே கன்னத்தைச் சுரண்டினேன். பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் இருக்கத்தான் அன்று அவ்வளவு பாடு.

"நடவு முடியட்டும், வர்றேன்." செவ்வாய்க்கிழமையே வரச்சொல்லிக் கத்திவிட்டு பஸ் ஏறினேன்.

அக்டோபர் 5, செவ்வாய்
பெரியாஸ்பத்திரி. ஃபாத்திமாவும் வந்தாள், அவளுக்கு அங்கே ஒரு நர்ஸைத் தெரியும். வேண்டாம் என்று சொல்ல என்னிடம் காரணமில்லை. வழியெல்லாம் அம்மாவுக்கு தைரியம் சொல்லிக்கொண்டு வந்தாள். "பயப்படாதீங்கம்மா, எறும்பு கடிச்ச மாதிரிதான்." அம்மா: "நீங்கள்லாம் இருக்கீங்களே, எனக்கென்ன பயம்."

டாக்டர் சின்ன வயசு. விளக்கு அடித்துப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். இன்னிக்கே எடுத்துடலாம். வீட்டாளுங்க கையெழுத்து வேணும். கூட யாரு?"

அம்மா முந்திக்கொண்டாள். "இவங்க லேப் மேடங்க. எம் பொண்ணு வெளியூர்ல படிக்குதுங்க. நடவு முடிஞ்சி அது வந்ததும் கூட்டிட்டு வர்றேன்."

"தள்ளிப்போடாதீங்கம்மா."

"ஒரு மாசந்தானுங்க." கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தேவிட்டாள். நிஜமாகவே போயிருப்பாள்.

"நான்தான் டாக்டர் பொண்ணு," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். ஃபாத்திமா என் பக்கம் திரும்பினாள்.

டாக்டர் நம்பாமல் அம்மாவைப் பார்த்தார். "உங்க பொண்ணாம்மா?"

அம்மா ஃபாத்திமாவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் குனிந்து, மெதுவாக:

"சொல்லிரவா?"