ஆரல்வாய்மொழியில் நடந்து முடித்தவள்

என் பொன்னான அம்மாவுக்கு,

இந்த வாரம் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

செவ்வாய்க்கிழமை காலையில் ரப்பர் எஸ்டேட் சாலையில் ஒரு பெண் இறங்கி வந்தாள். முதுகை வளைக்கும் பெரிய பை. அட்டை கடித்து ரத்தம் உறைந்த கால்கள். நம் வாசலில் நின்று தண்ணீர் கேட்டாள். பக்கத்து வீட்டு ஸ்டீபன் மாமா மதிலுக்கு அந்தப் பக்கமிருந்தே ஆரம்பித்துவிட்டார்.

"எங்கேருந்து வாற மக்கா? கூட ஆரும் இல்லியா?"

"குஜராத்லேருந்து நடந்து வர்றேன். தனியாத்தான்."

"நடந்தா? டிரெயினை விட்டுட்டியா?"

அவள் சிரித்த சிரிப்பில் நான் கதவைத் திறந்துவிட்டேன்.

பெயர் யாழினி. தேனிக்காரி. மேற்குத் தொடர்ச்சி மலை தொடங்கும் இடத்திலிருந்து அது முடிகிற ஆரல்வாய்மொழி வரை ஒற்றைக்கு நடக்கிறாள். வனத்துறை அனுமதித்த இடத்தில் காட்டுக்குள், மறுத்த இடத்தில் மலையடிவாரமாக. கர்நாடகத்தில் யானைக் கூட்டம் விலகும்வரை ஒரு பகல் முழுக்கப் பாறைமேல் உட்கார்ந்திருந்தாளாம். பஸ்ஸுக்குத் தாமதமானதைச் சொல்வதுபோல் சொன்னாள்.

புட்டும் பயறும் நன்றாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்பா பேச்சு வந்ததும் கை நின்றுவிட்டது.

"கிளம்பினதிலேருந்து பேசல ஆன்ட்டி. ஊர் என்ன சொல்லும்னு ஒரே சண்டை. நாளைக்கு முடிக்கிறப்போ அங்க யாரும் இருக்கப்போறதில்ல."

"நான் வாறேன் மக்கா. நீ பைய நடந்து வா" என்றேன்.

புறப்படும்போது ஒரு எண்ணைக் கொடுத்தாள். "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள நான் வரலைன்னா இதுல சொல்லிடுங்க." அவள் அப்பாவின் எண்! பேசாத மனிதரைத்தான் ஆபத்துக்கு நம்பியிருக்கிறாள்.

அவள் தெருமுனை திரும்பும்வரைதான் பொறுத்தேன் அம்மா. கூப்பிட்டுவிட்டேன்.

"சார், உங்க மக நல்லா இருக்கா. நாளைக்கு ஆரல்வாய்மொழியில முடிக்கிறா. ஒரு காரியம் சொல்லட்டா? எங்கம்மா இந்த மலையில எஸ்டேட் நர்ஸு. பிரசவம்னு ஆளு வந்தா, மழையானாலும் ஒத்தைக்குக் காட்டுக்குள்ள நடப்பாங்க. வேலைய விட்டுட்டு வான்னு அம்மாவுக்க அப்பா, எங்க பாட்டா, கூட்டிட்டுப்போக வந்தாரு. அங்க உள்ள பொம்பளைங்க எல்லாம் பிள்ளைகளைத் தூக்கிட்டு வந்து அவரு முன்னால நின்னாங்க. 'இதுவ எல்லாம் உங்க மக கையில பொறந்தது'ன்னாங்க. பாட்டா தனியா மலை இறங்கிப் போனாரு. அடுத்த மாசம் அம்மாவுக்கு ஒரு மழைக்கோட்டு அனுப்பி வச்சாரு."

நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு போனை வைத்துவிட்டார். நான் சொன்னது அதிகமோ?

மறுநாள் ஆரல்வாய்மொழிக் காற்றில் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர், "நேத்து பேசினது நீங்களா?" என்றார். நான் தலையாட்டினேன். இருவரும் மலையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவள் வந்தாள். அப்பாவைப் பார்த்ததும் நின்றாள். அவர் ஓடிப்போய்ப் பையில் கை வைத்தார்.

"குடும்மா, நான் தூக்குறேன்."

"இல்லப்பா. அந்தக் கடைசிப் பாறை வரைக்கும் நான்தான் தூக்கணும்."

அவர் கையை எடுத்தார். பாதையைவிட்டு இறங்கி வழி விட்டார், அம்மா. அவள் நிமிர்ந்து கடந்துபோய்ப் பாறையைத் தொட்டாள். அந்த மனிதர், சாலையோரம் நின்ற லாரிக்காரர்களைப் பார்த்து, "எம்பொண்ணுங்க! இம்புட்டு மலையும் எம்பொண்ணு நடந்தே வந்திருக்குங்க!" என்று கத்தினார். முன்பின் தெரியாத லாரிக்காரர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், உள்ளங்கை எரியும்வரை. அவளை நினைத்துப் பெருமை. உங்களை நினைத்து அதைவிடப் பெருமை.

இப்போது எஸ்டேட்டுக்கு ஜீப் போகிறது. ஆனாலும் இந்தக் கிறிஸ்துமஸ் முடிந்ததும் நீங்கள் போன பாதையில் எஸ்டேட் ஆஸ்பத்திரி வரை நடந்தே ஏறுவேன். முட்டு வலி உண்டுதான். உட்கார்ந்து உட்கார்ந்து போவேன். பாதியில் திரும்ப மாட்டேன், இது சத்தியம்.

மலையேறிப்போன நர்ஸம்மாவின் மூத்த மகள்,
ஜெசி