எம்டனுக்குப் புதுத் தோல்

5 நவம்பர் 2023, ஞாயிறு

இனி பால்கனியில் துணி உலர்த்த இடம் கிடையாது. ஜெயஸ்ரீ அங்கே போர்க்கப்பல் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

இரண்டு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான கப்பல். ரிமோட்டில் ஓடும். அதில் இருக்கும் குட்டி பீரங்கி மிளகு அளவு இரும்புக் குண்டை நிஜமாகவே சுடும். எதிராளியின் கப்பலும் திருப்பிச் சுடும். ஓட்டை விழுந்து, தண்ணீர் ஏறி, எது மூழ்குகிறதோ அது தோற்றது. கோட்டூர்புரத்தில் யாரோ ஒருவருடைய பழைய நீச்சல் குளத்தில் இதற்கென்று ஒரு கூட்டம் கூடுகிறது. பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் நடத்தும் ஐம்பத்து மூன்று வயதுப் பெண்மணிக்கு இதுதான் பொழுதுபோக்கு. மந்தைவெளியில் மற்ற வீட்டு மாமிகள் கோலாட்டம் கற்றுக்கொள்கிறார்கள்.

போன கப்பல் உளுத்துப் போனதால் இது புதுசு. எம்டன். முதல் உலகப் போரில் நம் பட்டணத்தின் மேலேயே குண்டு போட்ட கப்பல். "உனக்கு வேற கப்பலே கிடைக்கலையா?" என்றேன். "ஏன்னா, ஊர்ல கெட்டிக்காராளை எல்லாம் எம்டன்னுதானே சொல்றா? எனக்கு வேற எது பொருந்தும்?"

அது வாஸ்தவம்.

அடுத்த வருடம் செப்டம்பர் 22 ஞாயிற்றுக்கிழமையாம். பட்டணத்தில் குண்டு விழுந்த அதே தேதி. அன்றைக்கு ஒரு ஆட்டம் வைத்தே ஆகவேண்டும் என்று கூட்டத்தை நடத்தும் உபைத்திடம் இப்போதே சொல்லிவிட்டாள். எதிராளி ஸ்நேஹா என்ற ஐ.டி. பெண். அவளுடைய கப்பல் ஸிட்னி. சரித்திரத்தில் எம்டனை முடித்தது ஸிட்னிதான். "இந்தத் தடவை கதை மாறும்" என்கிறாள் என் எம்டன்.

12 நவம்பர், ஞாயிறு

தீபாவளி. ஒரு கம்பி மத்தாப்பு கூடக் கொளுத்தவில்லை. "செப்டம்பர்ல வெடிச்சுக்கறேன்" என்றாள்.

5 டிசம்பர், செவ்வாய்

புயல் மழை. கரண்ட் இல்லை, பால் இல்லை, தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர். ஜெயஸ்ரீ பால்கனியில் நின்று அதை ஆசையாகப் பார்க்கிறாள். "தோல் மட்டும் ஒட்டியிருந்தா இங்கேயே வெள்ளோட்டம் விட்டிருக்கலாம்."

தோல் என்பது கப்பலின் பக்கச் சுவர். கெட்டி மரத்தில் விலா எலும்புகள் மாதிரிச் சட்டங்கள், அவற்றின் மேல் அட்டை மாதிரி மெல்லிசாக பால்சா மரம். அது மெல்லிசாகத்தான் இருக்க வேண்டும் என்பது விதி. குண்டு பட்டால் துளைக்க வேண்டும்.

"ஓட்டை விழணும்னே கட்டறதா?"

"ஓட்டை விழலைன்னா அப்புறம் ஆட்டம் எதுக்கு?"

முப்பது வருடம் காப்பீட்டு ஆபீசில் வேலை பார்த்தவன் நான். பூட்டை மாற்று, ஒயரை மாற்று, தீயணைப்பான் வாங்கி வை என்று ஊருக்கெல்லாம் சொல்லியே ரிட்டயர் ஆனவன். எனக்கு இந்த விதி புரியாது.

21 ஜனவரி 2024, ஞாயிறு

கபாலி கோயில் வரை நடந்தோம். திரும்பும்போது மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்குகிறது. ஆறு வருடம் முன்னால் மார்பில் வந்ததை எடுத்துவிட்டோம், போய்விட்டது என்றுதானே சொன்னார்கள்? ஒன்றும் இருக்காது. நாளைக்கு டாக்டர்.

25 ஜனவரி, வியாழன்

இருக்கிறது.

8 பிப்ரவரி, வியாழன்

நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. இன்றைக்கு விலாவில் குழாய் போட்டு எடுத்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். அவள் அந்தப் பையைப் பார்த்துவிட்டு, "பாருங்கோன்னா, எனக்கும் பம்ப் வெச்சுட்டா" என்றாள். கப்பலுக்குள்ளும் ஒரு குட்டி பம்ப் உண்டு, ஏறும் தண்ணீரை வெளியே பீய்ச்சுவதற்கு.

நர்ஸுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்து சிரிப்பும் வந்தது. சிரித்ததற்காக என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

10 மார்ச், ஞாயிறு

கட்டிலின் மேல் பழைய பேப்பர் விரித்துக் கப்பலை வைத்தோம். வலது பக்கத் தோல் முழுவதையும் அவளே ஒட்டினாள். பால்சாவில் பென்சிலால் கோடு போட்டு, பிளேடால் நறுக்கி, ஈரத்துணியால் ஒற்றி வளைத்து. குண்டூசி பிடிப்பது மட்டும் என் வேலை. "அழுத்தாதீங்கோ, அது அப்பளம் மாதிரி" என்று கத்தினாள். கத்தும் அளவுக்கு மூச்சு இருந்தது. நல்ல நாள்.

31 மார்ச், ஞாயிறு

இடது பக்கம் பாக்கி. பிளேடு கோட்டில் நிற்கவில்லை, என்னிடம் கொடுத்துவிட்டாள்.

"நீங்க முடிச்சுடுங்கோ. வெளியில மட்டும் டோப் அடிங்கோ. உள்ள ஒண்ணும் பூசக்கூடாது, புரியறதா?"

டோப் என்பது நகப்பாலிஷ் வாடை அடிக்கும் பூச்சு.

"நீயே முடிப்பே."

"ஏன்னா, நான் கப்பலைப் பத்திப் பேசிண்டிருக்கேன். இருபத்திரண்டாம் தேதி அது தண்ணியில இருக்கணும். அழுதுண்டு அலமாரியில வெச்சு மாலை போட்டேளோ, பாத்துக்கோங்கோ."

11 ஏப்ரல், வியாழன்

விடிகாலையில் போய்விட்டாள்.

5 மே, ஞாயிறு

பதிமூன்றாம் நாள் எல்லாம் முடிந்து, நேற்று ஹம்சினியும் டொராண்டோ திரும்பிவிட்டாள். "அப்பா, கூட வந்துடேன்" என்று ஏர்போர்ட்டில் அழுதாள் குழந்தை. வரவில்லை என்று சொன்னேன். ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. பால்கனியில் ஒரு பக்கம் தோலில்லாமல் ஒன்று நிற்கிறது, அதை விட்டுவிட்டு எப்படிப் போவது?

வீட்டில் டோப் வாடை போய்விட்டது. முன்பு அதற்காக எவ்வளவு சண்டை போட்டேன்.

16 ஜூன், ஞாயிறு

உபைத் வந்தார். ராயப்பேட்டையில் சிசிடிவி மாட்டும் தொழில் அவருக்கு. பால்சா வாங்கி வந்திருந்தார். "அக்கா சொல்லிக்கீறாங்க சார், நீங்க முடிச்சுருவீங்கன்னு." எப்போது சொன்னாள்? ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாளாம். எம்டன்! எனக்குத் தெரியாமல் எனக்கு வேலை போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

முதல் துண்டு உடைந்தது. இரண்டாவதும். மூன்றாவது ஒட்டிக்கொண்டது.

14 ஜூலை, ஞாயிறு

இடது பக்கம் முடிந்தது. என் பக்கம் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. அவள் பக்கம் கண்ணாடி.

மேல்தளத்தை எடுத்துவிட்டு டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். அவளுடைய பென்சில் கோடுகள். ஒரு இடத்தில் தப்பாகப் போட்டு அடித்து, பக்கத்தில் "சீ" என்று எழுதியிருக்கிறாள்.

இதைப் போயா சுடப்போகிறார்கள்?

21 ஜூலை, ஞாயிறு

ராயப்பேட்டை ஹைரோட்டில் கெட்டியாக இறுகும் ரெசின் கிடைத்தது. இரண்டு பாட்டில், கலந்து பூச வேண்டும். உள்பக்கம் முழுக்க, இரண்டு பக்கமும், இரண்டு கை பூசினேன். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கோடுகள் எல்லாம் கண்ணாடிக்குள் இருப்பது போல அப்படியே பத்திரமாக இருக்கின்றன.

மன்னித்துக்கொள் ஜெயா. தண்ணீரில் விடுகிறேன். அது போதாதா?

8 செப்டம்பர், ஞாயிறு

நேற்று பிள்ளையார் சதுர்த்தி. இந்த வருடம் நமக்குப் பண்டிகை கிடையாது. மாடிவீட்டில் மணியடிப்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்று கோட்டூர்புரத்தில் ஆட்டத்துக்கு முன் பரிசோதனை. உபைத்திடம் நுனி கூரான ஒரு கம்பி உண்டு. அதைக் குழாய்க்குள் விட்டு, குறிப்பிட்ட உயரத்திலிருந்து தோலின் மேல் விழவிடுவார். துளைத்தால் கப்பல் ஆடலாம், ஓட்டையை அங்கேயே ஒட்டிவிடுவார்கள்.

டக். துள்ளி விழுந்தது.

இன்னொரு இடம். டக். ஜெயா ஒட்டிய பக்கத்தில் போட்டார். டக்.

ஸ்நேஹா குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார் இது. உள்ள பூசிக்கீறீங்க."

"அது... ஈரம் படாம இருக்கட்டுமேன்னு."

"சார்." ரொம்ப மெதுவாகச் சொன்னார். "இத்த எறக்க முடியாது சார்."

9 செப்டம்பர், திங்கள்

என்ன பெரிய விதி! உலகக் கோப்பையா? செத்துப்போனவ கட்டின கப்பல்யா அது! ஒரே ஒரு நாள், ஒரு ஓரமா ஓட விட்டா என்ன கொறஞ்சு போயிடும்? அவங்களுக்கெல்லாம் நெஞ்சு இருக்கா இல்லையா?

போகப்போறதில்ல. அலமாரியிலயே இருக்கட்டும்.

(பிறகு)

மாலை போட்டேளோ, பாத்துக்கோங்கோ.

12 செப்டம்பர், வியாழன்

உபைத்துக்குப் போன் செய்தேன். ரெசினை மட்டும் எடுக்க வழி உண்டா என்று கேட்டேன். "மரம் குடிச்சுருக்கும் சார். தோலோட பிரிச்சாத்தான் உண்டு. எலும்புக்கு ஒண்ணும் ஆவாது, பயப்படாதீங்க. நான்லாம் எத்தினி வாட்டி தோலு மாத்திக்கீறேன்."

நான் பூசாமல் விட்டிருந்தால் அவள் பக்கம் தேறியிருக்கும். குண்டு துளைத்த இடத்தில் மட்டும் காகிதம் ஒட்டியிருப்போம், மற்றபடி அவள் ஒட்டியது ஒட்டியபடியே இருந்திருக்கும். ஒன்றும் ஆகக்கூடாது என்று பூசினேன், முழுசாகப் போகிறது. இதை யாரிடம் சொல்வது? கேட்டுச் சிரிக்க வேண்டியவள் இல்லை.

என் பக்கத்தை முதலில் பிரித்தேன். அது கோபத்தில் சுலபமாக வந்துவிட்டது. அவள் பக்கத்துக்குப் பிளேடை வைத்ததும் கை ஓடவில்லை. சமையலறைக்குப் போனேன், காபி கலந்தேன், குடிக்காமல் திரும்பி வந்தேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். ரெசின் ஏறிய மரம், ஓடு உடைகிற மாதிரி சத்தம்.

ஏப்ரலில் ஆயிரம் பேர் நடுவில் வராத அழுகை இன்றைக்கு வந்தது. வாய்விட்டு அழுதேன். கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "சார், எல்லாம் சரியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

15 செப்டம்பர், ஞாயிறு

ஸ்நேஹா பால்சாவோடு வந்து நின்றாள். எதிராளியே வந்து உதவுகிறாள்! "ஆன்ட்டிதான் அங்கிள் எனக்குத் தோல் ஒட்டவே சொல்லிக் கொடுத்தாங்க." வலது பக்கத்தை நான்தான் ஒட்டுவேன் என்று சொல்லிவிட்டேன். குண்டூசியை அழுத்திப் பிடித்தாள். "அழுத்தாதேம்மா, அது அப்பளம் மாதிரி" என்றேன்.

22 செப்டம்பர், ஞாயிறு

கம்பி துளைத்தது. கப்பலை இறக்கினோம்.

எல்லோருக்கும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. எனக்கு அவளுடையது, காதோரம் சின்னதாக இருந்தது. எம்டனுக்குப் பின்பக்கம் ஒரே பீரங்கி. பயந்து ஓடுகிற மாதிரி முதுகைக் காட்டி ஓட வேண்டும், துரத்தி வருபவர் கிட்டே வந்ததும் சுட வேண்டும் என்பாள். ஓடினேன். பயந்தவன் மாதிரி நடிக்க எனக்குச் சிரமமே இல்லை. ஸ்நேஹா துரத்தினாள். சுட்டேன். பட்டது! ஸிட்னியின் பம்பிலிருந்து தண்ணீர் பீய்ச்சியதும் உபைத் விசில் அடித்தார்.

அப்புறம் ஸ்நேஹா பக்கவாட்டில் வந்துவிட்டாள். பட் பட் பட் என்று எங்கள் தோலில் விழுந்தது. எம்டனின் பம்பும் பீய்ச்ச ஆரம்பித்தது. ஸ்நேஹா சுடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சார், வெளிய வர்றேன்னு சொல்லுங்க, தூக்கிரலாம்" என்றார் உபைத்.

அப்படி ஒரு விதி உண்டு. முப்பது வருட ஆபீஸ் புத்தி வாயைத் திறக்கப் பார்த்தது.

"சுடும்மா. உங்க ஆன்ட்டி பாதியில நிறுத்துவாளா?" என்றேன்.

சுட்டாள். நானும் கையில் இருந்ததையெல்லாம் சுட்டேன். பம்பின் தண்ணீர் உயரம் குறைந்தது, பின்பக்கம் தாழ்ந்தது, பிறகு கப்பல் ஒருக்களித்துப் படுத்தது. நீரின் மேல் கொஞ்சம் குமிழி வந்து அதுவும் நின்றது. ஜெயா, கதை மாறவில்லை.

மூழ்கடித்தவர்தான் குளத்தில் இறங்கி எடுத்துத் தர வேண்டும், மூழ்கியவர் டீ வாங்கித் தர வேண்டும். இது அவர்கள் வழக்கம். ஸ்நேஹா ஜீன்ஸோடு இறங்கினாள். முங்கி எழுந்து, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். எல்லா ஓட்டையிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. அவள் முகத்தில் எது குளத்துத் தண்ணீர் என்று தெரியவில்லை. என் முகத்தில் தெரிந்திருக்கும், நான் குளத்தில் இறங்கவில்லையே.

எல்லோருக்கும் டீ வாங்கினேன். பஜ்ஜியும்.

2 அக்டோபர், புதன்

லீவு நாள். மேல்தளத்தை எடுத்துவிட்டு உள்ளே ஒரு சின்ன பல்பைப் போட்டுப் பார்த்தால், எங்கெல்லாம் வெளிச்சம் வருகிறதோ அங்கெல்லாம் ஓட்டை. வலது பக்கம்தான் அதிகம். ஒவ்வொன்றுக்கும் மெல்லிய காகிதத்தைக் கத்தரித்து ஒட்டி, டோப் அடித்தேன். வீடு முழுக்க நகப்பாலிஷ் வாடை. ஜன்னலைத் திறக்கவில்லை.

அடுத்த ஆட்டம் டிசம்பரிலாம். வருகிறேன் என்று உபைத்திடம் சொன்னேன்.

ரெசின் பாட்டிலில் பாதி மிச்சம் இருந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். சமையலறைத் தொட்டியில் ஒரு இடம் கசிகிறது, அதற்குப் பூசினேன். கப்பலுக்கு உள்ளே ஒன்றும் பூசவில்லை.