துளிர் விடாத இலை

உன் பதினாறாம் நாள் காரியத்துக்குச் சாந்தன்பாறை வந்தபோது ஒடித்து வந்த தேயிலை இலை, மண் நிரப்பிய டப்பாவில் மூன்று மாதமாக நிற்கிறது. வேர் பிடித்துவிட்டது. துளிர் மட்டும் வரவில்லை. ஒரு நாளைக்கு நாலு தரம் போய்ப் பார்க்கிறேன். கணுவில் இருக்கும் முளைக்கண்ணை விட்டுவிட்டு வெறும் இலையை ஒடித்திருக்கிறேன், மறுபடியும்.

எழுபதுகளில், பாட்டனி இரண்டாம் வருட விடுமுறைக்கு, கல்லூரித் தோழியான உன் வீட்டுக்கு வந்தபோதும் இதையேதான் செய்தேன். எஸ்டேட் நர்சரியில் நடுவதற்கு நான் வெட்டிக் கொடுத்ததைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தாய். "ஏட்டி, கண்ண விட்டுட்டு வந்திருக்க. இது சாகவும் செய்யாது, செடியாவும் ஆவாது."

நான் விடுவேனா? வகுப்பில் கேட்டதையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். எல்லா செல்லிலும் முழுச் செடிக்கான ஜீன்கள் இருக்கின்றன. கண்ணில் உள்ள செல்கள் இன்னும் எதுவாகவும் ஆகலாம். இலையின் செல்களிலோ பல ஜீன்கள் வாய் மூடிவிட்டன. "எலைன்னு ஆயிட்டா எலைதான் புள்ள." நீ ஒத்துக்கொள்ளவில்லை. "மூடித்தான வச்சிருக்கு, தூக்கியா எறிஞ்சிட்டு?"

கடைசி வருடம் உன் அப்பா இறந்தார். வீட்டில் ஒருவர் அவர் வேலைக்குப் போகாவிட்டால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். நீ படிப்பை விட்டுக் கூடையை மாட்டிக்கொண்டாய். பரீட்சைக்கு முன்னால் எங்கள் ஊர் எருத்தேன்பதிக்கு உன் கடிதம் வந்தது: "ஒரு மாசம் லீவு தாராங்க. உங்க வீட்ல தங்கிப் படிச்சு எழுதிருதேன். வரட்டுமா?"

நான் பதில் போடவில்லை. அம்மா தடுத்தாள் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன், பொய். கொழுந்து கிள்ளப் போனவள் இனி எங்கே படிக்கப்போகிறாள் என்று நானே முடிவு கட்டினேன். உனக்காக முடிவு கட்ட நான் யார்? பிறகு என் கல்யாணத்துக்குத் தேயிலைப் பொட்டலத்தோடு வந்தாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருப்பேன்.

பதினாறாம் நாளில் உன் மகள் சொன்னாள்: "நாப்பது வயசுக்கு மேல அம்மா தபால்ல படிச்சு டிகிரி வாங்கிட்டாங்க, சித்தி. உங்ககிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை. அங்கே உட்கார முடியாமல் வெளியே வந்தேன். கை சும்மா இருக்காமல் இந்த இலையை ஒடித்தது அப்போதுதான்.

அந்தக் காலத்திலேயே டிகிரி வாங்கிய நான் அதற்குப்பின் ஒரு புத்தகத்தையும் திறந்ததில்லை. டப்பாவைத் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை; உயிரோடுதானே இருக்கிறது.

உன் கடிதம் பீரோவில் இருக்கிறது. அதற்கு எழுத வேண்டியிருந்தது இரண்டே வார்த்தை. இத்தனை வருடமாக அது என்னிடமே கிடக்கிறது. வா, புள்ள.