மூலையில் மஞ்சள்

ஸ்ரீரங்கம்
28-12-1961

அன்புள்ள மருதைக்கு,

பிச்சமுத்து எழுதுவது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் ஆனதிலிருந்து கடிதம் போட உனக்கு நேரமில்லை. இப்போது எனக்குத்தான் நேரம் குறைவு.

வள்ளிக்கண்ணு இதைக் காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லி அரைத்துத் தருகிறாள். நானும் குடிக்கிறேன். ஆனால் ஈரலில் புற்று. இரண்டு நுரையீரலுக்கும் பரவிவிட்டது. அறுத்துப் பயனில்லை, கரண்டு வைத்தால் ஈரல் தாங்காது என்கிறார் இங்குள்ள டாக்டர். மெட்ராஸில் புதிதாக ஓர் ஊசி போடுகிறார்களாம். நாலு மாதம் அங்கேயே படுத்துக் கிடக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் உயிரோடு இருப்பது இரண்டு மாதம்தானாம்.

மகள் ராசாத்தி கல்யாணம் தை இருபதுக்கு வைத்திருக்கிறது. ஊசி கேட்கும் என்றால் வைகாசிக்குத் தள்ளிவிட்டு வருகிறேன். கேட்காது என்றால் அவள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்த்துவிட்டுப் போகிறேன். டாக்டர் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன், உங்கள் பெரிய டாக்டரிடம் காட்டு. எனக்குப் பயமாக இருக்கிறது மருதை.

வரும் கடிதங்களை வள்ளிக்கண்ணுதான் பிரிக்கிறாள். நோயைப் பற்றி ஒரு வரியும் எழுதாதே. ஊசி கேட்கும் என்றால் மூலையில் மஞ்சள் தடவி அனுப்பு. இல்லையென்றால் வெறும் காகிதம் போதும்.

உன்
பிச்சமுத்து

சென்னை
6-1-1962

அன்பு பிச்சமுத்து,

ராசாத்திக்குக் கல்யாணம் என்று படித்ததும் மனம் நிறைந்தது. என் சைக்கிள் மணியை அடித்தே உடைத்தவள் அல்லவா. மணப்பாறைச் சம்பந்தி நல்ல மனிதர் என்று கேள்விப்பட்டேன்.

நீ விசாரிக்கச் சொன்னதை இரண்டு பேரிடம் விசாரித்தேன். நீ சொன்னபடியே அனுப்பியிருக்கிறேன். இதற்கு மேல் எழுத வரவில்லையடா.

மருதை

ஸ்ரீரங்கம்
11-1-1962

மருதை அண்ணனுக்கு வள்ளிக்கண்ணு எழுதிக்கொள்வது.

அவர் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார், அதனால் நான் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைப் படிக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்று வாங்கி, மூலையைத் தடவிப் பார்த்து அழுதார், பிறகு சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு இட்லி சாப்பிட்டார். அன்றைக்கே மணப்பாறைக்கு ஆள் அனுப்பிக் கல்யாணத்தை வைகாசிக்குத் தள்ளிவிட்டார். ராசாத்தி முகம் வாடிவிட்டது. காமாலைக்கு எதுக்குங்க மெட்ராஸ் என்று கேட்டால், "மருதை இருக்கான், பொழைச்சு வந்துடுவேன் வள்ளி" என்கிறார்.

இது உங்கள் கைக்கு வரும்போது நாங்கள் ரயிலில் இருப்போம். எழும்பூர் ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள்.

உங்கள் மேல் ஒரே ஒரு குறை அண்ணே. கல்யாணம் விசாரித்து எழுதிய கடிதத்தை இப்படி வெறும் காகிதமாகவா அனுப்புவது? எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் கையில் கொடுக்கும் முன், நான்தான் மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் தடவினேன்.

தங்கை
வள்ளிக்கண்ணு