ஞாயிற்றுக்கிழமையும் ஓயாத வலை

மழைக்காற்று ஏறினால் என் வீட்டு ஆணியில் தொங்கும் கயிற்றுத் துண்டு நாறத் தொடங்குகிறது, மக்கா. பாசியும் அழுகிய சிப்பியும் சேர்ந்த நாற்றம். வெயிலில் காயப்போட்டேன், சோப்புப் போட்டுக் கழுவினேன், போகவில்லை. "அந்தச் சனியன தூர எறிஞ்சா என்னவாம்?" என்கிறாள் என் வீட்டுக்காரி. ஏன் எறியக்கூடாது என்று அவளிடம் சொல்ல முடியாது. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

நம் தேவாலயப் பங்கில் சுற்றுச்சூழல் குழு தொடங்கிய நாளை நினைத்துக்கொள்கிறேன். கடலுக்கடியில் பாறைகளில் சிக்கிக் கிடக்கும் அறுந்த நைலான் வலைகளை எடுக்க ஆள் வேண்டும் என்று பங்குச்சாமி பூசை முடிவில் கேட்டார். ஊரே தரையைப் பார்த்தது. நான்தான் முதலில் எழுந்தேன். நீ எனக்கு முன்பே எழுந்ததாகச் சிலர் சொல்கிறார்கள். அவர்கள் பின்வரிசை, என்ன தெரியும்? எட்டாம் வகுப்பில் பாதியில் நின்றவன் என்றாலும் அந்தத் திட்டத்துக்கு மூளை நான். சிப்பிக்கு முங்கிப் பழகிய உன் மூச்சும் கொஞ்சம் உதவியது.

மற்ற நாளில் பிழைப்பு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நம் கரையில் ஒருவரும் கடலுக்குப் போவதில்லை. அன்றைக்கே போகலாம் என்றதும் கிழவர்கள் முணுமுணுத்தார்கள். "மீன் பிடிக்கப் போகல, கடலக் கழுவப் போறாங்க" என்று சொல்லி, சாமி நம் வள்ளத்தில் தீர்த்தம் தெளித்தார்.

ஞாயிற்றுக்கிழமைக் கடலை அதுவரை நான் பார்த்ததில்லை. ஓர் எஞ்சின் சத்தம் இல்லை. பறவைகூட இல்லை. கோயில் மணி மட்டும் தண்ணீர்மேல் நடந்து வந்தது. நீ இடுப்பில் கயிறு கட்டி இறங்குவாய். மறுமுனை என் கையில். வலையைக் கண்டதும் கயிற்றை அவிழ்த்து வலையில் கட்டி, இழுக்கச் சொல்லிச் சுண்டுவாய். நான் இழுப்பேன். நீ தலைகாட்டும்வரை கயிற்றை விடக்கூடாது என்பது உன் கட்டளை. உனக்கு எல்லாமே இடது கை. நீ போடும் முடிச்சு கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பியிருக்கும். ஊரில் வேறு எவனுக்கும் அது வராது.

"முடிச்சாலே இது? கோழிக்குடல்" என்பேன்.

"சும்மா கயிறு பிடிச்சிட்டு இருக்கவனுக்கு வாயப் பாரு" என்பாய்.

நாம் எடுத்த வலைகளைக் கோத்துப் போட்டால் மார்த்தாண்டம் வரை போகும். கோயில் மைதானம் வரை என்கிறார் சாமி. அவருக்குக் கணக்கு போதாது.

ஒருநாள் கட்டாமலே மேலே வந்தாய். உச்சி வெயிலில் உன் பல் கிட்டியது.

"என்னலே, சுறாவா?"

"வல."

"பின்ன ஏன் கட்டல?"

"எனக்க வல மக்கா. புயல்ல போச்சுல்லா, அதுதான். மிதவைக் கட்டையில எனக்க வீட்டுக்குறி இருக்கு. ரெண்டு பாறைக்கு எடையில நிக்குது. மூச்சு விடுகது மாதிரி விரியுது, சுருங்குது. உள்ள ஒரு ஆமை, பாதி எலும்பு. அதுக்கு மேல உயிருள்ள மீனு துடிக்கு."

"கெடக்கட்டும், அடுத்த வாரம் எடுப்போம்."

"நாயித்துக்கெழமையும் பிடிச்சிட்டு கெடக்கு, மக்கா. ஆருக்குப் பிடிக்குது அது?"

நான் கயிற்றைச் சுருட்டி, வள்ளத்தைக் கரைக்குத் திருப்பினேன்.

அடுத்த வாரத்துக்குள் உனக்கு நெஞ்சுவலி வந்தது. நெய்யூர் ஆஸ்பத்திரியில் காட்டினோம்; இனி தண்ணீரில் முங்கவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். உன் மகன் உனக்குப் பதிலாக இறங்கினான். அந்த இடுக்கு அவனுக்கு எட்டவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் நான் உன் கட்டிலருகே வந்ததும் கேட்பாய்: "எடுத்தாச்சா?" கடைசியில் சொன்னாய்: "அத எடுக்காம நான் போனா தூங்கமாட்டேன், பாத்துக்கோ."

"செத்தவனுக்கு எதுக்குலே தூக்கம்?" என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

உன்னை அடக்கம் செய்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை நானும் உன் மகனும் போனோம். கடல் எண்ணெய்போலக் கிடந்தது. ஆழம் பார்க்கக் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினேன். உன் மகன் என் எதிரே உட்கார்ந்து முங்குகிற கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அப்போது கயிறு சுண்டியது.

நான் அவனைப் பார்த்தேன். அவன் கயிற்றைப் பார்த்தான். மறுபடியும் சுண்டியது. பொறுமையில்லாத சுண்டல். எனக்குப் பழக்கமான சுண்டல்.

இழுத்தேன். முதலில் உன் குறி போட்ட கட்டை வந்தது. பிறகு கருப்பாக வலை, வந்துகொண்டே இருந்தது. கரையில் கூடியவர்களிடம் அது நம் கோயில் நீளம் என்றேன். ஆமைகளைக் கொஞ்சம் பெருக்கினேன். ஒரு திமிங்கிலக் குட்டியையும் சேர்த்துக்கொண்டேன். "கல்லு வலையில சிக்கியிருக்கும், நீரோட்டம் சுண்டியிருக்கும்" என்றார் சாமி. வலையைப் பழைய நைலான் உருக்குகிறவர்களுக்கு அனுப்பிவைத்தார். நானும் தலையாட்டினேன்.

கயிற்றில் கல் இல்லை, மக்கா. கல் இருந்த நுனி வலையோடு கட்டியிருந்தது. திரும்பிய முடிச்சு.

கரைக்கு வருமுன்னே உன் மகன் அதை அவிழ்க்கப் பார்த்தான். அவிழவில்லை. கத்தியால் அறுத்து, முடிச்சோடு அந்தத் துண்டை என் மடியில் போட்டான். "மாமா, இத மட்டும் வெளிய சொல்லாண்டாம்."

என் வாயில் ஒன்றும் நிற்காது என்று வடசேரிச் சந்தை வரை தெரியும். இது நிற்கிறது. பெருக்கிச் சொல்ல இதில் இடமும் இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை உன் வலையும் ஓய்ந்துவிட்டது. பூசை முடிந்ததும் துண்டை ஆணியிலிருந்து எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு கரையில் உட்காருகிறேன். வீட்டுக்காரி கூப்பிடுகிறாள், போவதில்லை. வலை மேலே வந்துவிட்டது. நீ இன்னும் தலைகாட்டவில்லை.

கயிற்றை நான் விடவில்லை, மக்கா.