கொற்கைப் படகு சூதாட்டமன்று

அனுப்புநர்:
திருமதி பிரிஸில்லா எபனேசர்,
(காலஞ்சென்ற திரு. த. எபனேசர் அவர்களின் மனைவி),
பாளையங்கோட்டை, திருநெல்வேலி – 2.

பெறுநர்:
உயர்திரு இணை இயக்குநர் அவர்கள்,
மாணவர் மின்கற்றல் பிரிவு,
திருநெல்வேலி.

பொருள்: பள்ளி மடிக்கணினிகளில் தடை செய்யப்பட்ட சூதாட்ட விளையாட்டுகளின் பட்டியலில் என் கணவர் உருவாக்கிய ‘கொற்கைப் படகு’ என்னும் கணக்கு விளையாட்டும் அவர் பெயரும் தவறாகச் சேர்க்கப்பட்டது – நீக்கி, எழுத்து மூலம் திருத்தம் வெளியிட வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் பிரிவின் சுற்றறிக்கை, நாள் 12.07.2023.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பின் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டு, எங்கள் பகுதி நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்காக மேற்படி விளையாட்டை உருவாக்கினார். பள்ளியில் இருந்தவை பழைய, விலை குறைந்த மடிக்கணினிகள். மற்ற கல்வி விளையாட்டுகள் அவற்றில் பாதியில் நின்றுவிடும். இணையமும் விட்டுவிட்டுத்தான் வரும். ஆகவே, ஒருமுறை இணையத்தில் திறந்துவிட்டால் பிறகு இணைப்பு இல்லாமலும் ஓடும்படி, படங்களைக் குறைத்து, மிக எளிதாக அதை அமைத்தார். கேள்விகளின் தமிழைத் திருத்திக் கொடுத்தவள் நான்.

2. பிள்ளையின் படகு பாபநாசத்திலிருந்து புறப்பட்டு, ஆற்று வழியே கொற்கைக்குப் போய்ச் சேர வேண்டும். ஒவ்வோர் அணைக்கட்டிலும் ஒரு கணக்கு. விடை சரியென்றால் படகு முன்னேறும், ஒரு முத்து கிடைக்கும். தவறென்றால் படகு அங்கேயே நிற்கும். கையிலுள்ள முத்து குறையாது. மறுபடி முயலலாம். பணம் கட்டும் இடம் அதில் எங்கும் இல்லை. ஒருவர் இழப்பதை இன்னொருவர் எடுத்துக்கொள்வதற்குத்தான் சூது என்று பெயர். இதில் இழப்பவர் எவருமில்லை, ஐயா.

3. படகு எத்தனை கட்டம் நகரும் என்று முடிவு செய்ய ஏதாவது ஒன்றை உருட்ட வேண்டியிருந்தது. பள்ளியின் கணித ஆசிரியை செல்வி சங்கரி, தாயக்கட்டையை வைக்கலாம் என்றார். என் கணவர் மறுத்துவிட்டார். அவருடைய தகப்பனார் சபையில் ஊழியம் செய்த உபதேசியார்; அந்த வீட்டுக்குள் சீட்டுக்கட்டோ தாயக்கட்டையோ நுழைந்ததில்லை. எங்கள் வீட்டிலும் அப்படியே. அதனால், ஒரு பக்கம் தேய்த்து வெளுத்த புளியங்கொட்டைகளைத் திரையில் உருளவிட்டார். பிள்ளைகள் எண்ணிப் பழகிய பொருள் என்பது அவர் எண்ணம். தங்கள் பிரிவில் ஆய்வு செய்தவரோ அந்தப் புளியங்கொட்டைகளையும் முத்துகளையும் மட்டும் பார்த்துவிட்டு, ‘காய் உருட்டிப் பொருள் வெல்லும் சூதாட்டம்’ என்று எழுதிவிட்டார். சூதின் சாயல்கூட வேண்டாம் என்று விலகியவருக்கு இது நேர்ந்தது.

4. அந்தச் சுற்றறிக்கை, பள்ளியின் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், உருவாக்கியவர் பெயரோடு உரக்க வாசிக்கப்பட்டது. அன்று மாலை ஒரு மாணவனின் தகப்பனார் எங்கள் வாசலுக்கு வந்து, “என்ன அண்ணாச்சி, இந்த வயசுல பிள்ளையளுக்கு இதையா படிச்சுக் குடுக்கிய?” என்று கேட்டார். “கணக்குதான் வே” என்றார் என் கணவர். “அப்ப கவர்மெண்டு பொய் சொல்லுதா?” என்றார் வந்தவர். என் கணவர் அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அரசு பொய் சொல்கிறது என்று அவர் வாயில் வராது.

5. விளக்கம் சொல்ல மடிக்கணினியோடு தங்கள் அலுவலகத்துக்கு வந்தார். திறந்து பார்க்க யாரும் முன்வரவில்லை. வீட்டுக்கு வந்து புளியங்கொட்டைகளை நீக்கினார். பின்பு முத்துகளையும் நீக்கினார். வெறும் எண் மட்டும் தோன்றும்படி மாற்றி, விளக்கக் கடிதத்தோடு அனுப்பினார். பதில் இல்லை. அதன்பின் நூலகத்துக்குப் போகும்போதெல்லாம் பள்ளி இருக்கும் தெருவை விட்டுச் சுற்றிப் போனார். ஐப்பசி மழையில் ஒரு காலை, மாரடைப்பால் காலமானார். சுற்றறிக்கைதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். மருத்துவர் சொல்லாததை நான் எழுதுவது முறையன்று. ஆனால், தலைகுனிந்தே போனார் என்று எழுத எனக்கு உரிமை உண்டு.

6. அடக்க ஆராதனையில் இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை வாசிப்பது எங்கள் சபை வழக்கம். அதை நானே எழுதினேன். ‘பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கணக்கு விளையாட்டு உருவாக்கினார்’ என்று அதில் ஒரு வரி இருந்தது. சபைச் செயலர் திரு. கிங்ஸ்லி என் பக்கத்தில் குனிந்து, “அக்கா, அந்த ஒரு வரி இன்னைக்கு வேண்டாம். ஊரு பேசுதுல்லா? ஆண்டவருக்குத் தெரியும்” என்று சொல்லி, அதை அடித்துவிட்டார். அவர் நல்ல மனிதர். எங்கள் மானத்தைக் காக்கவே அப்படிச் செய்தார். பெட்டி இன்னும் மூடப்படவில்லை. என் கணவர் வகித்த பதவியும், பாடகர் குழுவில் பாடியதும் வாசிக்கப்பட்டன. கடைசிக் காலத்தில் அவர் விரும்பிச் செய்த வேலை மட்டும் வாசிக்கப்படாமல் அவரோடு மண்ணுக்குள் போயிற்று.

7. மூன்றாம் நாள், பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை செய்யும் அன்னத்தாய் என்பவர் தன் மகள் பிருந்தாவோடு துக்கம் கேட்க வந்தார். பிருந்தா அதே பள்ளி மாணவி. மூத்த மகனுக்கு அரசு தந்த விலையில்லா மடிக்கணினியையும் கொண்டுவந்திருந்தார். அதில் விளையாட்டின் பழைய பதிப்பு அழியாமல் இருந்தது. “அம்மா, சாரு கொரலு இதுல கெடக்கு. பிள்ளைக்கு வகுத்தலு வந்ததே இதுலதான். நீங்க வச்சிக்கிடுங்க” என்றார். பிருந்தா அதைத் திறந்து, வேண்டுமென்றே தவறான விடையைத் தட்டினாள். விடை தவறும்போதுதான் அவர் குரல் வரும். “அணைக்கட்டுல தண்ணியே நிக்கி, நீ நிக்கதுக்கு என்ன? பைய யோசி.” அவள் மறுபடியும் தவறாகத் தட்டினாள். நான் மூடச் சொன்னேன். மடிக்கணினியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். படிக்கிற பிள்ளையிடமிருந்து அதை வாங்கிக்கொள்வது நியாயமில்லை.

8. பின்னர் நானே தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். அங்கிருந்த எழுத்தர் மரியாதையாகத்தான் பேசினார். “அது முடிஞ்சு போன பட்டியல்மா. சாரும் இப்ப இல்ல. இனி யாருக்காகத் திருத்தணும்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்த மனு.

9. வரும் நவம்பர் ஒன்பதாம் தேதி அவருடைய முதலாம் ஆண்டு நினைவு ஆராதனை. தங்கள் திருத்தம் கையில் இருந்தால், விடுபட்ட வரியைச் சேர்த்து வாழ்க்கைக் குறிப்பை மீண்டும் வாசிக்கத் தடையில்லை என்று சபையார் கூறியுள்ளனர். எனவே, தகுதியுள்ள ஓர் ஆசிரியரைக் கொண்டு விளையாட்டைப் பாபநாசம் முதல் கொற்கை வரை முழுவதுமாக ஆடிப் பார்க்கச் செய்யுங்கள். அதன்பின் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கி, பழைய பதிப்பையே பள்ளி மடிக்கணினிகளில் மீண்டும் அனுமதித்து, குற்றம் வாசிக்கப்பட்ட அதே காலைக் கூட்டத்தில் திருத்தத்தையும் வாசிக்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன். தாங்கள் வருத்தம் தெரிவிக்க வேண்டியதில்லை. அனுதாபமும் நான் கேட்கவில்லை.

திருத்தம் வராவிட்டாலும் அன்றைக்கு நான் எழுந்து அந்த வரியை வாசிக்கத்தான் போகிறேன். ஆனால் நான் வாசித்தால், பாவம், மனைவி என்பார்கள். தாங்கள் எழுதினால்தான் உண்மை என்பார்கள்.

இடம்: பாளையங்கோட்டை
நாள்: 14.10.2024

தங்கள் எழுத்துக்காகக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
பிரிஸில்லா எபனேசர்